கல்லேரிப்பட்டு ஏரி நீரில் கரையாது

கல்லேரிப்பட்டு ஏரி நீர் இனி எதையும் கரைப்பதில்லை என்று நின்றுகொண்ட ஆவணி மாதத்துக் காலையில், பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடை போட்டிருந்த கஜபதி, முதல் கிளாஸில் சர்க்கரையைப் போட்டு ஆற்றினான், மறுபடி ஆற்றினான், ஸ்பூனை விட்டுக் கலக்கினான், தோள்பட்டை வலிக்கும்வரை தூக்கித் தூக்கி ஆற்றினான், ஆனாலும் சர்க்கரை போட்டது போட்டபடி அடியில் கிடக்க, டீத்தூள் தன் நிறத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ள, வெந்நீர் வெறும் வெந்நீராகவே இருக்கக் கண்டு, கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, அந்தச் சர்க்கரையை அள்ளி வாடிக்கையாளரின் உள்ளங்கையில் வைத்து, "இத்த நக்கிக்கோ, தூள மென்னுக்கோ, தண்ணியக் குடிச்சிக்கோ, உள்ள போயி எல்லாம் ஒண்ணா சேந்துக்கும்" என்றான். வாடிக்கையாளரும் அப்படியே செய்துவிட்டுக் காசு கொடுத்துப் போனார். அந்த அதிசயத்துக்குக் கல்லேரிப்பட்டில் கிடைத்த வரவேற்பு அவ்வளவுதான்.

மத்தியானத்துக்குள் ஊர் பழகிவிட்டது. குழம்பில் போட்ட உப்பு குழம்பின் அடியில் கல்லாகவே கிடந்ததால், பெண்கள் உப்பைத் தட்டின் ஓரத்தில் வைத்து, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கல்லைக் கடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பாலில் கலந்திருந்த தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றதால் பால்காரர்களின் கைவரிசை வெளிச்சத்துக்கு வந்து, அவர்கள் சில நாள் சந்து வழியாகவே நடமாடினார்கள். சோப்பு நுரைக்காததால் துணியைக் கல்லில் கூடுதலாக நாலு அடி அடித்தார்கள். கிளாஸில் தங்கிய சர்க்கரையை வடித்து வெயிலில் காயப்போட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று தெரிந்ததும், இந்த நீர் சிக்கனமான நீர், இத்தனை காலமும் நம் சர்க்கரையையெல்லாம் தின்றுகொண்டிருந்த நீர்தானே இது என்று பேச்சு திரும்பிவிட்டது. காற்றும் நீரில் கரையாமல் போனதால் ஏரி மீன்கள் அடிக்கடி படித்துறைக்கு ஏறி வந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிவிட்டு, புரண்டு உள்ளே போயின. மூச்சு வாங்க வந்ததைப் பிடிப்பது முறையல்ல என்று ஊர் தீர்மானித்தது, துணி துவைக்க வந்தவர்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு மீன்களுக்கு வழிவிட்டு நடந்தார்கள்.

அழுதவர்களின் கன்னத்தில் நீர் தனியாக வழிந்தோட, உப்பு தனியாக நின்றது. எந்த வீட்டில் சண்டை என்று பெண்களின் கன்னத்தைப் பார்த்தே தெருவுக்குத் தெரிந்தது. பயந்துபோய் வேலூருக்கு உறவினர் வீட்டைத் தேடிப் போனவர்களும் உண்டு. ஆனால் குடித்த நீர் உடம்போடு போயிற்று, வேலூரில் உட்கார்ந்து அழுதாலும் உப்பு தனியாகத்தான் நின்றது. வெளியூரிலிருந்து லாரியில் வந்த நீரும் ஏரிக்கரையைத் தாண்டியதும் ஊர் வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆகவே போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

பிள்ளையார் சதுர்த்தி முடிந்து, களிமண் பிள்ளையார்களைக் கரைப்பதற்காக ஏரிக்குக் கொண்டுபோனபோது மட்டும் ஊருக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. கோடை முடிந்த ஏரியில் நீர் தொப்பை அளவுதான் இருந்தது, அதில் இறக்கிவிடப்பட்ட பிள்ளையார்கள் காது மடல்கூடக் கலையாமல், வரிசையாக உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓலைப்பாய் பின்னும் பச்சையம்மாளின் கணவனுக்கும் அதே கதிதான். அந்த மாதம்தான் இறந்திருந்த அவனுடைய சாம்பலைப் படித்துறையில் கரைத்தபோது அது கரையாமல், மூன்றாவது படியில் ஒரு கைப்பிடியாகச் சேர்ந்து உட்கார்ந்துகொண்டது. "இன்னாய்யா, போவ மனசில்லியா" என்று அவள் தினமும் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

இதெல்லாம் எதனால் என்று சந்தேகப்பட வேண்டியவள் ஊரில் ஒருத்திதான் இருந்தாள். அவள் கஜபதியின் மனைவி வனரோஜா. டீக்கடைக்கு மேலே மாடியில், ஏகாம்பரம் என்பவர் நடத்திய தண்ணீர், மண் பரிசோதனைக்கூடத்தில் அவள் வேதியியல் படித்துவிட்டு வேலை பார்த்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கோயில், ஆஸ்பத்திரி என்று அலைந்து ஓய்ந்து, ஓய்ந்தபிறகு வயிற்றில் தங்கிய முதல் பிள்ளையை அப்போது சுமந்துகொண்டிருந்தாள்.

ஆடி மாதத்தில், ஊரின் கிழக்கே இருந்த ரசாயன ஆலையிலிருந்து ஒரு டப்பா வந்தது. உள்ளே அரிசி நொய் மாதிரி வெள்ளைப் பொருள். ஆலைக்கு அது வேண்டாத கழிவு, கொட்ட இடம் வேண்டும். ஏரி நீரில் அது கரையாது என்று பேரூராட்சிக்கு ஒரு சான்று கொடுத்தால் ஏரியிலேயே கொட்டிக்கொள்ளலாம். பொருளின் பெயர் என்னவென்று கேட்டதற்கு அது ஆலை ரகசியம் என்று பதில் வந்தது. அதை அள்ளிப்போடும் ஆட்களின் விரல் இடுக்குகளில் ஆறாத புண் இருப்பதை, டப்பாவைக் கொண்டுவந்தவனின் கையைப் பார்த்தே வனரோஜா தெரிந்துகொண்டாள்.

கரைதிறனை அளப்பது பொறுமையைக் கேட்கும் வேலை. நீர் எவ்வளவு கொள்ளுமோ அதைவிட அதிகமாகப் பொருளைக் குடுவையில் போட்டு, மூடி, ஒரே சூட்டில் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்தில் அதே நீர், எதுவும் போடாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்னொரு குடுவையில் குலுங்கும். நடுநடுவே கொஞ்சம் எடுத்து வடிகட்டி, பீங்கான் கிண்ணத்தில் சுண்டவைத்து, மிஞ்சியதை நிறுத்துப் பார்க்க வேண்டும். எடை ஏறிக்கொண்டே இருந்தால் நீர் இன்னும் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு கட்டத்தில் ஏறாமல் நிற்கும். போதும், தெவிட்டிவிட்டது என்று நீரே சொல்கிற இடம் அதுதான், அதற்கு முன்னால் முடிவு சொல்லக்கூடாது. வனரோஜாவின் முதல் அளவில் எதுவும் கரைந்திருக்கவில்லை. இரண்டாவதில் தூசு அளவு ஏறியது. அடுத்ததில் இன்னும் கொஞ்சம் ஏறியது. சோம்பேறி மாதிரி மெதுவாகக் கரைகிற பொருள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது, இன்னும் குலுக்க வேண்டும் என்று ஏகாம்பரத்திடம் சொன்னாள்.

ஏகாம்பரத்துக்குப் பொறுமை கிடையாது. முதல் அளவு போதும் என்றார். அவள் "முதல் நாள் அளவில் இப்பொருள் கரையவில்லை" என்று எழுதியதை வாங்கி, முதல் நாளை அடித்தார், பெயரில்லாத பொருளைப் பற்றி என்ன பேச்சு என்று பொருளையும் அடித்தார், "கரையவில்லை" என்றால் சோதனை பாதியில் நின்ற மாதிரி இருக்கிறது என்று அதையும் மாற்றினார். கடைசியில் "கல்லேரிப்பட்டு ஏரி நீரில் கரையாது" என்ற ஒரே வரி மிஞ்சியது. அதன் கீழே வனரோஜா கையெழுத்துப் போட்டாள். அன்று காலையில்தான் குழந்தை வயிற்றில் முதல் தடவையாக அசைந்திருந்தது, சண்டை போடும் மனநிலையில் அவள் இல்லை. ஆனால் அந்தக் குடுவையைக் கொட்ட மனம் வராமல், இறுக மூடி, அலமாரியில் பின்னால் தள்ளி வைத்தாள். ஆவணி பிறந்ததும் அறிக்கை பேரூராட்சிப் பலகையில் ஒட்டப்பட்டது, மறுநாளே லாரிகள் வந்து ஏரியின் கிழக்கு மூலையில் வெள்ளை நொய்யைக் கொட்டத் தொடங்கின. நீரும் கரைப்பதை நிறுத்திக்கொண்டது.

புரட்டாசியில் அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவள் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தாள், முகம் மாறியது. "கொழந்த வளரலம்மா. நீ சாப்பிடற சத்து ரத்தத்துல கரைஞ்சுதானே கொழந்தைக்குப் போகணும்? கரையவே இல்லன்னா வெறும் தண்ணிதான் போகும். ஏற்கெனவே இருந்தத வெச்சு ஓட்டிக்கிட்டிருக்கு. அசைவு கொறஞ்சா இனிப்பாத் தண்ணி குடிச்சிட்டு இடது பக்கமாப் படுத்துப் பாருன்னு எல்லாருக்கும் சொல்வேன்," என்று நிறுத்தி, "இந்த ஊருல இனிப்புத் தண்ணிக்கு எங்க போறது" என்றாள். மற்ற கர்ப்பிணிகளும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோருடைய கன்னத்திலும் உப்பு நின்றிருந்தது. வனரோஜாதான் மாதத்தில் முன்னால் இருந்தவள்.

அவள் திரும்பி வந்து பரிசோதனைக்கூட ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, கீழே டீக்கடையில் நப்பின்னை டீச்சரின் குரல் கேட்டது. அரசு மேல்நிலைப்பள்ளியில் தமிழ் நடத்துகிறவள். பேரூராட்சிப் பலகையைக்கூடச் சிவப்பு மையோடு படிக்கிறவள் என்று ஊரில் கேலி உண்டு.

"யாருப்பா எழுதினது அந்த நோட்டீஸ? 'ஏரி நீரில் கரையாது'. எது கரையாது? எழுவாயே இல்ல. எங்க ஆறாம் கிளாஸ் புள்ள எழுதினாலே முட்டை போடுவேன்."

"எதுவா இருந்தா இன்னா டீச்சர், எதுவுந்தான் கரையலியே" என்றான் கஜபதி.

"அதத்தான் சொல்றேன். எதுன்னு சொல்லலன்னா எல்லாமுந்தான். தண்ணி இலக்கணம் படிச்சிருக்கு, எழுதினவங்க படிக்கல. காக்கா கத்தறதயும் கரையறதுன்னுதான் சொல்றோம், பாத்தியா, ஏரித் தண்ணி குடிக்கற ஒரு காக்காவாவது ஒரு மாசமா வாயத் தொறந்துச்சா?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்து அலகை மூடிக்கொண்டிருந்த காக்கைகளைப் பார்த்ததும் சிரிப்பு ஓய்ந்தது. மாடியில் வனரோஜா, தான் கையெழுத்துப் போட்ட அந்த ஒரே வரியை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அலமாரியின் பின்னாலிருந்து குடுவையை எடுத்தாள். அறிக்கைக்கு முன்னால் பிடித்து மூடிய நீர் அது. ஆடியில் அடியில் தடிப்பாகக் கிடந்த வெள்ளை நொய் ஒரு பருக்கைகூட இல்லாமல் கரைந்துபோய், பார்க்கப் பச்சைத் தண்ணீர் போல இருந்தது.

ஏகாம்பரத்திடம் அதைக் கொண்டுபோய் வைத்து, நீர் நின்றதே நாம் எழுதிய வரியால்தான், அறிக்கையைத் திருத்த வேண்டும் என்றாள். அவர் குடுவையைப் பார்த்தார், அவளுடைய வயிற்றைப் பார்த்தார், நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "ஒண்ணு பண்ணலாம்மா. மத்ததெல்லாம் கரையும், இந்தப் பொருள் மட்டும் கரையாதுன்னு எழுதிடுவோம். தண்ணி நீ எழுதினா கேக்குதுல்ல? உன் கொழந்தைக்கும் ஆச்சு, ஏரிக்கும் ஆச்சு, ஆலைக்கும் ஆச்சு."

வனரோஜா அன்று முழுவதும் அதை நினைத்துப் பார்த்தாள், நினைக்காமல் இருந்தாள் என்று சொன்னால் பொய். எழுதிவிட்டால் அன்றைக்கே குழந்தைக்குச் சத்து போகும். ஆனால் அந்த வரி பலகையில் இருக்கும்வரை லாரிகளும் வந்துகொண்டே இருக்கும், ஏரியில் நீர் நிற்க இடமில்லாமல் நொய் நிற்கும். சாயங்காலம் போய், "அளக்காதத ஒரு தடவ எழுதினேன் சார். அதுக்கு என் வயித்துல இருக்கறது பதில் சொல்லிக்கினு கீது. இன்னொரு தடவ முடியாது" என்றாள்.

"அப்ப நான் சீல் வைக்க மாட்டேன்."

"தண்ணி உங்க சீலப் பாத்து நிக்கல சார். என் கையெழுத்தப் பாத்துதான் நின்னுச்சு."

வீட்டில் கஜபதி கோபப்பட்டான். "உடனே எழுது ரோஜா. இப்பவே எழுது. ஒம்போது வருசம்."

"எழுதினா ஏரியில கெடக்கற அத்தனையும் கரைய ஆரம்பிச்சுடும் மாமா. அப்பறம் அத்தத்தான் நானும் குடிக்கணும், பொறக்கற கொழந்தையும் குடிக்கணும், ஊரும் குடிக்கணும். கரையாம கெடக்கறப்பத்தான் அள்ள முடியும். அள்ளிட்டு எழுதறேன்."

"அதுக்குள்ள கொழந்தைக்கு எதாச்சும் ஆயிட்டா?"

இருவருடைய கன்னத்திலும் உப்பு நின்றது, அவன் தன் துண்டால் முதலில் அவளுடையதைத் துடைத்தான்.

மறுநாள் டீக்கடையில் வைத்து ஊருக்குச் சொன்னாள். குடுவையைப் பெஞ்சின்மேல் வைத்ததும் கஜபதி பக்கத்திலிருந்த கிளாஸ்களையெல்லாம் தள்ளி வைத்தான். அறிக்கை, கையெழுத்து, நொய், எழுவாய், எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள், கல்லேரிப்பட்டுக்காரர்கள் அதைவிடக் கஷ்டமான ஒன்றைச் செய்தார்கள். இப்போதே நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள். சர்க்கரை மிச்சம், உப்பு மிச்சம், பால் சுத்தம், நொய்யும் கரையாமல் அது பாட்டுக்குக் கிடக்கிறது, தூங்குகிற நாயை எழுப்புவானேன் என்றார்கள். கர்ப்பிணிகளை நினைத்துச் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஆனால் எழுந்து நிற்கவில்லை.

எழுந்தவள் பச்சையம்மாள்தான். கையில் அவளே பின்னிய கூடை இருந்தது. "எங்கூட்டுக்காரரு மூணாம் படியில ஒக்காந்துக்கினு கீறாரு. உசுரோட இருந்தப்பவும் ஒரு எடம் கெளம்பணும்னா லேசுல கெளம்ப மாட்டாரு. ஆனா செத்ததுக்கப்பறம் போவணும்ல? வர்றவ வாங்க, வராதவ சர்க்கரைய நக்கிக்கினு ஒக்காருங்க" என்று சொல்லிவிட்டு ஏரியைப் பார்த்து நடந்தாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்த பெண்களின் கணவர்கள் அவள் பின்னால் போனார்கள், பிறகு அவர்களுடைய அம்மாக்கள் போனார்கள், பிறகு பிள்ளையாரின் முறைப்பைத் தாங்க முடியாதவர்கள் போனார்கள், கடைசியில் கடையில் யாருமே இல்லாமல் கஜபதி அடுப்பை அணைத்துவிட்டுப் போனான்.

கரைந்த மண் ஒரு துளியும் இல்லாததால் ஏரி நீர் கண்ணாடியாக இருந்தது, அடியில் பரவிக் கிடந்த வெள்ளை நொய் படித்துறையிலிருந்தே தெரிந்தது. கொசுவலையை இழுத்து வாரினார்கள், கூடையால் அள்ளினார்கள், கையில் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு துழாவினார்கள், கையிலிருந்து கைக்கு மாற்றி, கரையில் நின்ற டிராக்டரில் ஏற்றி, ஆலை வாசலிலேயே கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஆலை மேனேஜர் வெளியே வந்து, அறிக்கை இருக்கிறது, சட்டப்படி தப்பு என்றார். "கரையாத பொருள்தானே சார், உங்க வாசல்ல கெடந்தா இன்னா ஆயிடப்போவுது" என்று டிராக்டரின் மேலிருந்து நப்பின்னை டீச்சர் கேட்டாள். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து லாரிகள் வரவில்லை, வெளியே வரத்தான் வழியில்லையே.

ஆனால் நொய் நினைத்ததைவிட அதிகமாக இருந்தது. ஐப்பசி பிறந்து மேற்கே மேகம் கட்டியது. மழை பெய்து ஏரி நிரம்பிவிட்டால் காலை ஊன்றி நின்று அள்ள முடியாது. வனரோஜா படித்துறையில் உட்கார்ந்து, ஒரு கை வயிற்றின்மேல், அள்ளுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் அடிக்கடி உதைத்துக்கொண்டிருந்த குழந்தை, பிறகு எப்போதாவது உதைத்தது, பிறகு நெளிந்தது மட்டும். மேகம் இறங்கி வந்த அந்தக் காலையில் எழுந்ததிலிருந்து ஒரு நெளிவுகூட இல்லை.

எல்லா வீட்டிலும் குடம் குடமாக நீர் பிடித்து வைத்துவிடும்படி மட்டும் சொல்லியனுப்பினாள். அள்ளியது போக எஞ்சும் நொய் கரைந்துவிடும், மறுபடி அளந்து பார்க்கும்வரை ஏரியைத் தொடக்கூடாது. பிறகு மடியில் பலகையை வைத்து வெள்ளைத் தாளை விரித்தாள். கஜபதி அவளுடைய முகத்தைப் பார்த்தான், அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஏரியில் நின்றவர்களுக்கும் தெரிந்துவிட்டது. பிள்ளையார்களின் காலடியில் இன்னும் ஒரு திட்டு மீதம் இருந்தது. பொறு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, எழுது என்று சொல்லவும் வரவில்லை. கூடைகள் மட்டும் வேகமாகக் கை மாறின.

இடுப்பளவு நீரில் நின்ற நப்பின்னை டீச்சர்தான் கத்தினாள். "வனரோஜா! நீ பாட்டுக்கு எழுத ஆரம்பி. ஆனா வினைய மட்டும் கடைசில வை. தமிழ்ல வாக்கியம் முடியற வரைக்கும் எதுவும் நடக்காது. தண்ணி காத்திருக்கும். எழுவாய ஒண்ணொண்ணா சொல்லு, ஒண்ணக்கூட வுட்டுடாத, வுட்டா அது கரையாமலே போயிடும்!"

வனரோஜா எழுதத் தொடங்கினாள். எழுதுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினாள். உப்பும், சர்க்கரையும் என்றாள். வெல்லத்தச் சேத்துக்க என்று ஏரிக்குள்ளிருந்து குரல் வந்தது, வெல்லமும் என்றாள். மஞ்சளும், சோப்பும், டீத்தூளின் நிறமும், மருந்து மாத்திரைகளும், மீன்களுக்கு வேண்டிய காற்றும், களிமண் பிள்ளையார்களும், பச்சையம்மாளின் கணவர் சாம்பலும், அவரு பேரச் சொல்லும்மா என்று பச்சையம்மாள் குரல் கொடுக்க, ஆமாம், மூன்றாம் படியில் உட்கார்ந்திருக்கும் சின்னப்பையன் என்பவரின் சாம்பலும், அழுகிறவர்களின் கண்ணீரில் உள்ள உப்பும், தாய் தின்பதில் பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டியதும், மின்கம்பிமேல் இருக்கும் காகங்களும், இன்னும் ரெண்டு கூடை ரெண்டே கூடை என்று யாரோ கத்த, ஆலைக்காரர்கள் பெயர் சொல்ல மறுத்ததும், லாரி லாரியாக இங்கே கொட்டப்பட்டதும், அள்ளியவர்களின் விரல் இடுக்கில் புண்ணை உண்டாக்கியதும், கல்லேரிப்பட்டு ஜனங்கள் கூடையாலும் கொசுவலையாலும் வாரித் திரும்ப ஆலை வாசலிலேயே சேர்த்ததும், அள்ளியது போக சேற்றுக்குள் இன்னும் கொஞ்சம் எஞ்சியிருப்பதுமாகிய வெள்ளை நொய்யும், கல்லேரிப்பட்டு ஏரி நீரில், என்று எழுதி நிமிர்ந்தாள். நீர் அசையாமல் நின்றது. கடைசித் திட்டைப் பச்சையம்மாளும் கஜபதியும் இரண்டு பக்கமும் நின்று வலையால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வனரோஜாவின் உள்ளங்கைக்குக் கீழே வயிறு கல்லாக இருந்தது. அதனதன் வேகத்தில், என்று எழுதினாள். முதல் நாளில் பார்த்துவிட்டு முடிவு சொல்லக்கூடாத அளவுக்குச் சில மெதுவாகவும், என்று எழுதினாள். வலை மேலே வந்தது, கூடை கை மாறியது, எல்லாரும் கரைக்கு ஓடினார்கள். நீர் போதும் என்று சொல்லும்வரை, என்று எழுதி, கரையும் என்று முடித்து, கையெழுத்துப் போட்டாள்.

பிள்ளையார்களின் காதுகள் முதலில் தளர்ந்தன. பிறகு தும்பிக்கைகள் இறங்கின, பிறகு அத்தனை தொப்பைகளும் ஒரே சமயத்தில் உள்வாங்கி, ஏரி செம்மண் நிறமானது. மூன்றாம் படியிலிருந்த சாம்பல் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நகர்ந்தது, பச்சையம்மாள் "போய்ட்டு வாய்யா" என்று கையை ஆட்டினாள். படித்துறையில் கிடந்த மீன்கள் துள்ளி உள்ளே போயின. மின்கம்பியிலிருந்த காகங்கள் இரண்டு மாதத்துக் கரைச்சலையும் ஒன்றாகக் கரைந்தன, பேசினால் காது கேட்காத அளவுக்கு இரைச்சல். ஏகாம்பரம் எப்போது வந்தார் என்று தெரியவில்லை, சட்டைப்பையிலிருந்து முத்திரையை எடுத்துப் பலகையின்மேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். வனரோஜா எதையும் பார்க்கவில்லை. அவளுடைய கன்னத்தில் வழிந்தது உதட்டுக்கு வந்து கரித்தது. வயிறு மட்டும் அசையவில்லை.

அவளைக் கைத்தாங்கலாக டீக்கடைக்குக் கொண்டுவந்தார்கள். கஜபதி ஈரத் துணியோடு உள்ளே போய், காலையில் பிடித்து வைத்த குடத்திலிருந்து ஒரு கிளாஸ் நீர் எடுத்து, ஸ்பூன் நிறையச் சர்க்கரையைப் போட்டான். ஊரே அந்தக் கிளாஸைப் பார்த்தது. அவன் கலக்கினான். சர்க்கரை சுழன்றது, அடியில் படிந்தது, மறுபடி சுழன்றது, பொடிந்தது, மங்கியது, இல்லை. யாரும் கைதட்டவில்லை. அவள் கடகடவென்று குடித்துவிட்டு, பெஞ்சில் இடது பக்கமாகப் படுத்துக்கொண்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. கடையின் தகரத்துக்குக் கீழே இடமில்லாதவர்கள் நனைந்துகொண்டே நின்றார்கள். காகங்கள்கூட அடங்கிவிட்டன. கஜபதி தரையில் குந்தி உட்கார்ந்து அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பொருள் மெதுவாகக் கரைகிறது, ரத்தத்தில் சேர வேண்டும், கொடி வழியாகப் போக வேண்டும், முதல் அளவை வைத்து முடிவு சொல்லக்கூடாது என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டே கிடந்தாள். யாரோ ஒரு பெண் விசும்ப, இன்னொருத்தி அவளுடைய வாயைப் பொத்தினாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பச்சையம்மாள் தன் கூடையின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அப்போது வனரோஜாவின் கண் அகலத் திறந்தது.

"உதைக்குது" என்றாள்.

எது என்று கேட்க நப்பின்னை டீச்சர் வாயைத் திறப்பதற்குள், வனரோஜா கஜபதியின் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "என் கொழந்த உதைக்குது" என்றாள்.